முதலாளி ரொம்பக் கறார்

காளான் கொட்டகைக்குள் நந்தகோபால் சார் குனிந்து வந்தார். மூன்று வருடம் எனக்கு மேனேஜராக இருந்தவர்.

“தமயந்தி, உங்கள மாதிரியே செஞ்ச கம்ப்யூட்டர் நகல் வேலையே பார்க்க மாட்டேங்குது. பதினோரு மணிக்கு லாகின் பண்ணுது. எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம் சார்’னு சொல்லுது. நானூறு பேர் இடத்துல அதைத்தான் உட்கார வச்சிருக்கோம்.”

எனக்கு ஆச்சரியமில்லை. வேலையை விடுகிறவர்களின் கடைசித் தொண்ணூறு நாளைப் பார்த்துத்தான் கம்பெனி அவர்களின் நகலைச் செய்கிறது. அலுவலகக் கழிப்பறையில் மயங்கி விழுந்த மறுநாள், ராஜினாமாவோடு டாக்டர் சீட்டையும் நீட்டி, உடனே விட்டுவிடும்படி இவரிடம் கெஞ்சினேன். தொண்ணூறு நாள் நோட்டீஸில் ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது என்றார். தொண்ணூறு நாளும் பதினோரு மணிக்கு வந்து சும்மா உட்கார்ந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன்.

“ஒரே ஒரு வாரம் வந்து, பழைய மாதிரி வேலை பார்த்து அதுக்குக் காட்டுங்கம்மா. இல்லன்னா என் வேலை போயிடும்.”

அவர் கைகூப்பினார். அன்று நானும் இப்படித்தான் கைகூப்பினேன்.

வைக்கோல் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னேன்.

“வரேன் சார். ஆனா இங்க முதலாளியும் நான்தான், வேலையாளும் நான்தான். தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுக்கணும். முதலாளி ரொம்பக் கறார். ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டாங்க.”