மேட்டு வாத்தியார்

"அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிருமா மாப்ள?"

கேள்வி காருக்கு அடியிலிருந்து வந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மச்சினன், "அது நட்டு மனசு வைக்கிறதைப் பொறுத்தது மாமா" என்றான்.

அடியில் மல்லாந்து கிடந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் வாத்தியார். வேலை என்னவோ இன்சூரன்ஸ் ஆபீசில்தான். ஆனால் காரில் யார் ஏறினாலும் வகுப்பு ஆரம்பமாகிவிடும். ஸ்பீடு பிரேக்கருக்கு எத்தனை அடி முன்னால் காலை எடுக்க வேண்டும், எப்படி ஏற்ற வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று மனுஷன் மூச்சு விடாமல் பேசுவார். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வண்டியை மேட்டிலிருந்து இறக்கணும் என்று மூன்று வருடமாக ஓதி, அவள் காது புளித்துப்போயிருந்தது.

அப்பேர்ப்பட்டவர் வியாழக்கிழமை காலை தெருமுனை மேட்டில் காரை 'டங்'கென்று இடித்துவிட்டார். லேசான இடிதான் என்று இப்போதும் சத்தியம் செய்கிறார். ஆனால் அடுத்த நொடியே வண்டி டிராக்டர் மாதிரி அலற ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால், எஞ்சினின் டர்போவிலிருந்து கீழே இறங்குகிற புகைக்குழாயில், டவுன்பைப் என்கிறார்களே, அதில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

மனைவி புதன்கிழமையே ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருகிறாள். அதற்குள் குழாயை மாற்றாவிட்டால் மானம் போச்சு. இனி ஆயுசுக்கும், எந்த மேட்டைக் கண்டாலும் அவள் இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றால், அந்த முதலாளியின் தங்கை ஆபீசில் அவளுக்குப் பக்கத்து சீட்.

வேறு வழியில்லாமல் மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். எப்போதும் நாலு தடவை கூப்பிட்டால்தான் எடுக்கிற பிள்ளை, முதல் மணியிலேயே எடுத்தான். அக்காவிடம் மூச்சு விடமாட்டேன் என்றான். மறுநாளே புதுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இவனுக்கு நம் மேல் இவ்வளவு பாசமா என்று வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரே குறை, அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். படுக்க முடியாது, வழி மட்டும் சொல்வான்.

ஞாயிறு காலையிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, வாத்தியார் உள்ளே போனார். துருப்பிடித்த மூன்று நட்டுகளுக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் காத்திருந்ததில் இரண்டு அசைந்தன. மூன்றாவது அசைய மதியம் ஆகிவிட்டது. பழைய குழாய் கழன்றபோது சொல்லாமல் கொள்ளாமல் அவர் நெஞ்சின் மேலேயே வந்து படுத்தது. கண், மூக்கு, வாயெல்லாம் துரு.

புதுக் குழாயை ஏற்றி, மேல் நட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கிவிட்டுப் பார்த்தால், கீழ் இணைப்பு ஒரு விரல் தள்ளி நின்றது. எல்லா நட்டையும் முதலில் கையால் லேசாக மாட்டிவிட்டு, கடைசியில்தான் முறுக்க வேண்டுமாம்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"வீடியோவுல இப்பதான் மாமா சொல்றான்."

மறுபடி கழற்றினார். அந்த நேரம் பார்த்து மச்சினன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். மேடு வந்தால் காலை எடுக்க வேண்டுமாம், அவசரப்படக் கூடாதாம், அனுபவம் இருந்தால் போதாது, கவனமும் வேண்டுமாம். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கடித்த பல்லிலும் துரு.

பிறகு ஒவ்வொரு வாக்குறுதியாக வாங்கினான். இனிமேல் அவன் ஓட்டும்போது இவர் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த சனி, ஞாயிறு கார் அவனுக்கு. இதற்கெல்லாம் வாத்தியார் தலையாட்டிவிட்டார். மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கியது.

"என்னைவிட உன் தம்பிதான் நல்லா ஓட்டுறான்னு அக்காகிட்ட உங்க வாயாலயே சொல்லணும் மாமா."

வாத்தியார் ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். அதுவோ, கைக்கு ஒரு சாண் தள்ளி மச்சினனின் மடியில் இருந்தது.

"சரி, சொல்லித் தொலைக்கிறேன். அதைக் குடு."

நாலரைக்கு எஞ்சினைப் போட்டார்கள். சத்தமே இல்லை. வாத்தியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உடனே நிறுத்திவிட்டு, பின்பக்கத்துக் கிளாம்பை மட்டும் இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடலாம் என்று திரும்ப அடியில் நுழைந்தார்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

அவள் பையை இறக்கி வைத்தாள். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரி படிந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். மச்சினன் எழுந்து நின்று கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மெக்கானிக்கை வீட்டுக்கே வரவச்சிட்டியா, கெட்டிக்காரன்தான்டா நீ" என்றவள், தம்பியின் காதோரம் குனிந்து, காருக்கு அடியில் நன்றாகவே கேட்கிற குரலில் கேட்டாள்:

"புதன்கிழமை என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு வர்றப்ப, மேட்டுல இடிச்சுப் பைப்பை உடைச்சு, விரிசல்ல ஒட்டுற பேஸ்ட்டைப் பூசி நிறுத்தி வச்சது நீதான்னு மாமாவுக்கு இன்னும் தெரியாதுல்ல?"