நாலரை இஞ்சுச் சுவர்

டவுணில் பழைய வீடுகளை வாங்கி, புதுப்பித்து விற்பது ஆவுடையப்பனுக்குத் தொழில். மேலரத வீதி வீட்டுக்கு வாங்க ஆளும் தயார். பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவர்தான் இடக்குப் பண்ணியது. அதை இடித்துக் கட்ட, அங்கே தனியாக இருக்கும் செண்பகவடிவு கையெழுத்துப் போடவேண்டும்.

"செலவு பூரா என்னுதுக்கா. ஒம்பது இஞ்சு கனத்துல கட்டித் தாரேன். பொட்டு ஈரம் ஏறாது."

"அவ்வளவு கனம் வேண்டாம் தம்பி. நாலரை இஞ்சு போதும். சரின்னா இப்பமே கையெழுத்துப் போடுதேன்."

இதில் ஏதும் வில்லங்கம் இருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏன்க்கா, கனமா இருந்தா உங்களுக்கும் நல்லதுதானே?"

"எங்க வீட்டுக்காரவுக போனபெறகு வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல. சுவரு லேசா இருந்தா, அங்கன பிள்ளைக சண்டை போடுத சத்தமாவது கேக்கும்லா. குடிவாரவங்க பெரிய குடும்பமா?"

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

"பெரிய குடும்பம்க்கா."

வாசலில், வீட்டை வாங்கப்போகும் ஜவுளிக்கடை அண்ணாச்சி காத்துக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டுட்டாளா? சரக்கு அடுக்குத கிட்டங்கி, ஆளு குடியிருக்க வீடில்ல; சுவரு நல்லாக் கனமா இருக்கட்டும்வே. துணி மூட்டை நனைஞ்சிரக் கூடாது."

உள்ளே, செண்பகவடிவு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.