மூங்கிலடியில் ஆறுமணிக்குருவி

சுற்றியிருந்த தோப்பெல்லாம் அடுக்குமாடியாகிவிட, ஜீவனஹள்ளிப் பூங்காவில் மிஞ்சிய ஒரே மூங்கில் புதரடியில், வடக்கேயிருந்து பறந்துவந்து களைத்த ஆறுமணிக்குருவி, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் காலை வெயிலில் மின்ன, சருகைப் புரட்டிப் புழு தேடுகிறது. அது பசியாறட்டும் என்றுதான் துப்புரவுப் பணியாளர் ரஞ்சிதம் மூன்று நாளாக மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு அந்த மூலையைப் பெருக்காமல் விட்டிருக்கிறாள். பறவைப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் சந்திரமௌலி பீரங்கி மாதிரி கேமராவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுகிறார். “ரஞ்சிதம்மா, போட்டோ நீட்டா வரல. அந்தக் குப்பையை ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், தள்ளேன்.” “குப்பை இல்ல சார், அதோட சாப்பாடே அதுக்குள்ளதான் இருக்குது!” “பறவையைப் பத்தி எனக்கே பாடமா?” என்று அவரே குனிந்து, இரண்டு கையாலும் சருகை வாரி எறிகிறார். விர்ரென்று குருவியின் சிறகு ஒரு நீலக்கீற்றாக மதிலைத் தாண்டுகிறது. ரஞ்சிதம் தலையிலடித்துக்கொள்கிறாள். சந்திரமௌலி மறுபடி கேமராவில் கண்ணை வைத்து, வெறுந்தரையைப் பார்க்கிறார். “இப்போ பாரு, எவ்ளோ தெளிவா இருக்கு!” என்கிறார்.