சகோதரிக்கு ஒரு பதில்

பெண்ணுரிமைக்காக எழுதியும் பேசியும் பாஸ்டனில் புகழ்பெற்றவர் அகஸ்டா தோர்ன்டைக். அன்று வந்த கடிதங்களைப் புது உதவியாளர் ப்ரூடன்ஸ் வாசித்துக் காட்டினாள்.

"ஓஹையோவிலேர்ந்து மிசஸ் ஹோபார்ட்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்கம்மா. புருஷன் தினமும் அடிக்கிறானாம். போக இடமில்லையாம்."

அகஸ்டாவுக்குக் கண் கலங்கியது.

"உடனே எழுது. 'சகோதரி, இன்றே கிளம்பி வாருங்கள். என் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறந்திருக்கும்.'"

இரண்டு வாரம் கழித்து, வீங்கிய முகமும் கையில் அந்தப் பதிலுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"லிடியா! நீயா?" பதறிப்போனார் அகஸ்டா. "பெத்த அம்மாவுக்கு எழுதறவ, யாரோ மாதிரி எதுக்குடி வேற பேர்ல எழுதின?"

"உங்க மகள்னு கையெழுத்துப் போட்டு மூணு தடவை எழுதினேம்மா," என்றாள் லிடியா. "ஒண்ணுக்கும் பதில் வரல."