மணல்மேல் மாப்பிள்ளை

"மாப்ளே, எந்திரிங்க. தெருவே மண்ணு அள்ளுது."

மாமனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். வீட்டோட மாப்பிள்ளை வாசலில் மடக்குக் கட்டிலைப் போட்டு, கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தார்.

முந்தின நாள் நிலநடுக்கம். எந்த வீடும் இடியவில்லை, எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. வாசலுக்கு வாசல் தரை பிளந்து, தண்ணீரும் மணலுமாகப் பொங்கிக் குவிந்து கிடந்தது. சாய்ந்தது யார் குற்றம் என்று பார்த்து எழுத இன்று இன்ஜினியர் வருகிறார்.

"நமக்கெல்லாம் மனை வித்த மகராசனே லாரியும் ஆளுமா வந்து ஓசியில சுத்தம் பண்ணித் தர்றார். தங்கமான மனுஷன். நீங்க கட்டிலை மட்டும் நகர்த்துங்க, போதும்."

"தூக்கம் வருது மாமா. நாளைக்குப் பார்க்கலாம்."

மனை விற்றவரே வந்து நின்றார். "தம்பி, கட்டிலோட தூக்கி ஓரமா வெச்சிடவா?"

"இடுப்பு பிடிச்சிருக்குங்க. தொட்டா கத்திடுவேன்."

"சாப்பிடறப்ப மட்டும் பிடிக்காது" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, காதில் விழட்டும் என்றே.

மாமனாருக்கு மானம் போயிற்று. மகளை முறைத்தார். மகள் புருஷனை முறைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் இன்ஜினியர் வந்தபோது தெரு துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"தரையிலேர்ந்து மணல் பொங்கிச்சா?"

"சேச்சே, இல்லீங்களே" என்று முந்திக்கொண்டார் மனை விற்றவர். "இவங்க வீடு கட்டின லட்சணம், சாய்ஞ்சிடுச்சு."

தெருவுக்கே தூக்கிவாரிப் போட்டது. "பொங்கிச்சு சார், இவர்தான் அள்ளிட்டுப் போனார்."

"நான் கண்ணால பார்க்கணும். அடிமண்ணு இறுகலைன்னா, குலுக்கினதும் தண்ணியோட கூழாகி மேல வரும். அது இருந்தா மனையில குத்தம், வித்தவர் வீட்டை நிமிர்த்தித் தரணும். இல்லைன்னா உங்க பாடு."

எதைக் காட்டுவது? லாரி எப்போதோ போய்விட்டது.

இடுப்பு பிடித்த மாப்பிள்ளை சாவகாசமாக எழுந்து கட்டிலை மடக்கினார். அடியில் மணல் மேடு, நடுவில் பொங்கின ஓட்டையோடு அப்படியே இருந்தது.

"இது ஒண்ணு போதும். தெரு பூரா இவர் வித்த மனைதானே" என்று இன்ஜினியர் குனிந்து படம் எடுத்தார். மனை விற்றவர் கைக்குட்டையைத் தேடினார்.

மாமனார் ஓடிவந்து கட்டிலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "மாப்ளே, மண்ணைப் பத்தியெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"மண்ணைப் பத்தி எனக்கென்ன தெரியும் மாமா? பொண்ணு கேட்டு வந்தப்ப நானும்தான் இந்த வீடு பூரா ஓசியில வெள்ளையடிச்சுக் கொடுத்தேன். ஒருத்தன் வலிய வந்து வேலை செஞ்சா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"