வெல்லம் போட்ட ரசம்

"சாம்பார்ல வெல்லம் போட்டா அது பாயசம்ங்க!"

"ஒரு துண்டு வெல்லத்துக்கு இப்படிக் குதிக்கிறவ உலகத்துலயே ஒருத்திதான் எனக்குத் தெரியும்!"

முகநூல் சமையல் குழுவின் முதல் நேர்ச்சந்திப்பு அது. பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் இருந்த இருவரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். முகப்புப் படத்தில் ஒருத்தி செம்பருத்தி, மற்றவள் பூனை. அதனால் குழுவில் வெல்லத்துக்காகச் சண்டை போட்டே பழகிய இருவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. புடவையில் குத்தியிருந்த பெயர் அட்டைகளை எட்டிப் படித்துக்கொண்டார்கள்.

"ஜெசிந்தாவா? வர்றவங்க லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே! அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

"எப்படி இருக்கும், மரகதம்? தீபாவளியன்னிக்கு என்னை பிளாக் பண்ணிட்டீங்க. அப்புறம் உங்க கண்ணுக்கு நானும் தெரியமாட்டேன், என் கண்ணுக்கு நீங்களும் தெரியமாட்டீங்க. நீங்க வரலைன்னு நம்பித்தான் நானும் வந்தேன்."

சாம்பார் வாளியோடு வந்தவர் இருவருக்கும் ஊற்றிவிட்டுப் போனார். மரகதம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"பத்து மாசமாச்சு. நான் என்ன சமைச்சுப் போட்டாலும் ஆளுக்கொரு இதயத்தைப் போட்டுட்டுப் போயிடறாங்க. போன வாரம் வேணும்னே ரசத்துல வெல்லம் போட்டுப் படம் போட்டேன். ஒருத்திகூடத் திட்டலை."

"ரசத்துலயா!" ஜெசிந்தா கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. "மரகதம், இடது கையாலயாவது போனை எடுத்து முதல்ல அந்த பிளாக்கை எடுங்க. அந்த ரசத்துக்கு நான் நாலு வார்த்தை எழுதாம மோர்ச் சோத்துக்குப் போகமாட்டேன்."