நனையும் தோள்

அடைக்காயிக்கு இடது தோள் வலித்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவாள். தோளில் அவள் எதையும் சுமப்பதில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் தோளைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். ரவிக்கை அந்த இடத்தில் மட்டும் நனைந்திருந்தது.

"வெளியில மழையா?"

"காய்ஞ்சு கெடக்குதுங்க. எதை மாத்திப் போட்டாலும் இப்படித்தாங்க."

"மனசுல எதையாவது அழுத்தி வச்சிருக்கியா?"

"விடியக்காலம் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறவளுக்கு அதுக்கு ஏதுங்கய்யா நேரம்? கை தூக்கலைன்னா பேர் வெட்டிக் கூலியைப் புடிச்சிருவாங்க. தைலம் குடுங்க."

புருஷன் செத்த அன்று அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பேச்சாயிதான் அந்தத் தோளில் முகம் புதைத்து, அவளுக்கும் சேர்த்து அழுதாள். பிறகு பீலிக் குழாயடியில் தண்ணீர்ச் சண்டை வந்து பேச்சு நின்றது. பேச்சாயியின் மகன் செத்தபோது அடைக்காயி எட்டிப் பார்க்காமல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். அடுத்த மாதம் பேச்சாயி பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறி இந்தியாவுக்கே போய்விட்டாள்.

தைலம் ஈரத்தில் ஒட்டவில்லை. அடுப்புக்கு மேல் காயப்போட்ட ரவிக்கையில் விடியும்போது உப்புப் பூத்திருந்தது. அதை உதறி மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் தோள் மறுபடி நனைந்தது, வெதுவெதுப்பாக.

பேச்சாயி வீட்டுக்கு அவள் ஒரு அழுகை பாக்கி.